விமானி இருக்கையில் மிஸஸ் சாமுவேல்

சுபாங் விமான நிலையத்துப் பழுதுபார்க்கும் கொட்டகையில் எங்களுடையது கருவிகள் பெஞ்சு. உயரம், வேகம், எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைக் காட்டும் முகப்புகளைக் கழற்றி, திறந்து, சரிபார்த்து, திரும்ப மாட்டுவது வேலை. அந்தப் பெஞ்சுக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியால் குட்டுப் படுவார்கள்.

"உக்காந்து பார்த்தியா?"

விமானி ஒருவர், முள் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதிக் கொடுத்திருப்பார். புதியவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஓடுவார். கதவைத் தாண்டுவதற்குள் பெஞ்சிலிருந்து யாராவது தலையைத் தூக்காமலே அந்தக் கேள்வியை எறிவார்கள். பொருள் இதுதான்: எந்த இருக்கையிலிருந்து புகார் வந்ததோ, அந்த இருக்கையில் முதலில் உட்கார்ந்து பார். அது முடியாவிட்டால், உட்கார்ந்திருந்த ஆளைக் கேள். அப்புறம் திருகாணியைத் தொடு.

இதை ஆரம்பித்து வைத்தவர் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு போர்மன். ஒரு கேப்டன் மட்டும், ஒரே ஒரு விமானத்தில் மட்டும், மாலையில் இறங்கும்போது உயரமானியைப் படிக்க முடியவில்லை என்று திரும்பத் திரும்பப் புகார் கொடுத்திருக்கிறார். பல்பை மாற்றினார்கள். கண்ணாடியை மாற்றினார்கள். கருவியையே மாற்றினார்கள். புகார் நிற்கவில்லை. கடைசியில் போர்மன் அந்தக் கேப்டனைத் தேடிப் போய், "சார், வந்து உக்காந்து காட்டுங்க" என்றார். கேப்டன் உட்கார்ந்தார். பழக்கம் போலத் தன் வெள்ளை வரைபடத் தாளை ஸ்டீயரிங்கின் நடுவில் செருகினார். மேற்கு வெயில் தாளில் பட்டு, நேராக உயரமானியின் கண்ணாடியில் போய் விழுந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். சோதனை முறைகளெல்லாம் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை நான் திரும்ப எழுதப் போவதில்லை. அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதன் மதிப்பை நான் முழுதாகத் தெரிந்துகொண்டது சுபாங்கில் அல்ல. பிரிக்பீல்ட்ஸில், ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய தச்சுப் பட்டறையில், ஒரு குண்டுவீச்சு விமானத்தின் மூக்குக்குள் தலைமையாசிரியை ஒருவர் மாட்டிக்கொண்ட சனிக்கிழமையன்று.

எந்த ஆண்டு என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நண்பர்கள் 1977 என்பார்கள். இல்லை, 1978. என் மூத்த மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்தது அந்த ஆண்டுதான். அவளுடைய பள்ளி பேக்கை எடுத்துப் போய்த்தான் அன்று ஸ்பானர்களைச் சுமந்தேன், வீட்டில் திட்டும் வாங்கினேன். மாதம் அக்டோபர் அல்லது நவம்பர். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததை நான் எழுதுவதில்லை.

விமான மூக்கு முத்தையா அண்ணனுடையது. அவர் கிள்ளானில் லோரி வைத்திருந்தவர். பழைய இரும்பும் அலுமினியமும் ஏற்றி உருக்காலைக்குக் கொண்டுபோவது தொழில். 1976இல் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்புறம், வெட்டி உருக்குவதற்காகக் கிடந்த குவியலில், கண்ணாடிக் கூண்டோடு ஒரு பெரிய அலுமினியக் கூடு கிடப்பதைப் பார்த்தார். ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். இருக்கை இருந்தது. கைப்பிடிகள் இருந்தன. சில முகப்புகளும் பிழைத்திருந்தன. அன்றே அதைத் தன் லோரியில் ஏற்றிவிட்டார். வீட்டில் கேட்டதற்குத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லியிருக்கிறார். "கண்ணாடி வச்ச தண்ணித் தொட்டி எந்த ஊர்ல இருக்கு?" என்று அண்ணி கேட்டாராம்.

அது லிங்கன் என்ற வகை. நான்கு எஞ்சின். இறக்கை நுனியிலிருந்து நுனி வரை, ஃபுட்பால் திடலின் அகலத்தில் பாதிக்கு மேல் வரும். ஐம்பதுகளில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்து அறிவித்த அவசரகாலத்தின்போது, இங்கே குண்டு போடப் பறந்தது. ஒன்றின் மூக்கு எப்படிக் கிள்ளானுக்கு வந்தது என்பதற்கு மூன்று கதைகள் கேட்டிருக்கிறேன். மூன்றும் ஒன்றையொன்று பொய்யாக்குவதால் எதையும் இங்கே எழுதவில்லை. வகை மட்டும் உறுதி. உள்ளே ஆணியடித்திருந்த தகடுகளை நானே படித்தேன்.

இந்தப் பழைய ராட்சத விமானங்களின் காக்பிட் மீது பித்துப் பிடித்த ஒரு கூட்டம் அப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு பல் டாக்டர் வருவார். பங்சாரிலிருந்து ஒரு வக்கீல். இறக்கையைப் பற்றியோ எஞ்சினைப் பற்றியோ அவர்களுக்குப் பெரிய அக்கறை இல்லை, காக்பிட்தான். ஏன் என்று நானும் யோசித்திருக்கிறேன். எஞ்சின் யாருக்கும் சொந்தமில்லாத இரும்பு. காக்பிட்டில் ஓர் ஆள் இருந்திருக்கிறார். கைப்பிடியில் கட்டைவிரல் பட்ட இடத்தில் மட்டும் கறுப்புச் சாயம் போய் வெள்ளை உலோகம் தெரியும். இருக்கையின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். அவ்வளவு பெரிய விமானத்தை ஓட்டியவர், ஒரு போன் பூத்துக்குள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தில் நம் கையையும் வைத்துப் பார்க்கத் தோன்றும். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு வாயால் எஞ்சின் சத்தம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

பட்டறைக்கு ஏற்பாடு செய்தவர் அந்தோணி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, ரயில்வேயிலேயே கிளார்க் வேலை பார்த்தவர். அந்தப் பள்ளியின் பழைய மாணவர். ஓய்வு பெறவிருந்த தலைமையாசிரியரிடம் பேசி, பூட்டிக் கிடந்த தச்சுப் பட்டறையைக் கேட்டு வாங்கினார். அங்கேதான் நாங்கள் மூவரும் விடுமுறை நாட்களில் மூக்கைச் சுத்தப்படுத்தினோம். முகப்புகள் என் பொறுப்பு, உலோகம் முத்தையா அண்ணன், சாயமும் சண்டையும் அந்தோணி. உள்ளே அடிக்கும் பச்சைச் சாயம் எந்தப் பச்சை என்று அந்தோணியும் பல் டாக்டரும் ஒரு முழு மழைக்காலம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

எங்களிடம் ஒரு சட்டம் இருந்தது. மூக்குக்குள் ஏறும் எவரும் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். தரையின் சாயம் கீறக் கூடாது என்பதற்காக முத்தையா அண்ணன் சொன்னது. ஆனால் சீக்கிரமே அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணிக்குக் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்த காவல்காரர், "அண்ணே, உள்ள என்ன சாமி?" என்று கேட்டார்.

1978இல் புதிய தலைமையாசிரியை வந்தார். மிஸஸ் சாமுவேல். மெதடிஸ்ட் குடும்பம், அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். பருமனான உடம்பு, இஸ்திரி கலையாத சேலை, குரலை உயர்த்தாமலே வராந்தாவைக் காலி செய்யக்கூடியவர். வந்த சில வாரங்களிலேயே பட்டறையைத் திறந்து பார்த்தார். அந்தோணியைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் அந்தோணி, என் தையல் மெஷினெல்லாம் வராந்தால நிக்குது. மழை அடிச்சா பிள்ளைங்க பிளாஸ்டிக் பிடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. இங்க ஒரு குண்டு போடற பிளேன் காலாட்டிக்கிட்டு படுத்திருக்கு. இது ஸ்கூலா, கேம்பா?"

"டீச்சர், அது வரலாறு…"

"வரலாற ஹிஸ்டரி ரூம்ல வைங்க. டிசம்பருக்குள்ள காலி பண்ணிடுங்க."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எங்களுக்குச் சங்கடம். மூக்குக்கு வேறு இடம் கிடையாது. முத்தையா அண்ணனின் கிள்ளான் முற்றம் திறந்தவெளி. அதில் பாதிப் பங்கு அவருடைய தம்பிக்கு. அது உள்ளே வந்தால் மறுநாளே வெட்டி உருக்காலைக்கு அனுப்பிவிடுவேன் என்று தம்பி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். பள்ளியை விட்டால் உருக்காலை. நடுவில் வேறு வழியில்லை.

யோசனை அந்தோணியுடையது. "அவங்கள ஒரே ஒரு தடவ சீட்ல உக்கார வச்சுட்டா போதும்ணே. அந்த சீட்ல உக்காந்துட்டு எழுந்து வந்து வேணாம்னு சொன்னவன் எவன் இருக்கான்?"

"என் பொண்டாட்டி சொன்னா" என்றார் முத்தையா அண்ணன்.

ஆனாலும் அழைத்தோம். பள்ளி வாரியத்திலிருந்து இரண்டு பேரும் வருவதாக இருந்ததால் தடபுடலாகத் தயார் செய்தோம். விமானி இருக்கையின் வலப்பக்கம், தொடைக்குப் பக்கத்தில், ஒரு சக்கரம் உண்டு. அதைத் திருப்பினால் வாலில் இருக்கும் ஒரு சிறு மடல் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சமன்படுத்தும். எங்களிடம் வால் இல்லை. எனவே பட்டறையின் மறுகோடியில், பழைய மேசைகள் அடுக்கியிருந்ததற்குப் பின்னால், ஒரு சட்டத்தில் அலுமினிய மடல் ஒன்றைப் பொருத்தி, சக்கரத்திலிருந்து அதுவரை கம்பி இழுத்தோம். இங்கே சுற்றினால் அங்கே அசையும். சக்கரத்துக்குப் பின்னால், தரைக்குப் பக்கமாக இறங்கி, கம்பியை இழுப்பது ஒரு செயின். சைக்கிள் செயினைவிடக் கொஞ்சம் தடித்தது. அசல் செயின், விமானத்தோடு வந்தது. முத்தையா அண்ணன் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துலக்கி, கிரீஸ் போட்டு, பளபளவென்று வைத்திருந்தார். அதற்கு ஒரு தகர மூடியும் உண்டு. ஆனால் மூடியை மாட்டினால் செயின் தெரியாதே! மூடியைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் போட்டோம்.

இனி என்ன நடந்திருக்கும் என்று கருவிகள் பெஞ்சில் இருக்கும் நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நாங்கள் ஊகிக்கவில்லை. அந்த இருக்கையில் அதுவரை உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கால்சட்டைக்காரர்கள்.

மிஸஸ் சாமுவேல் சொன்ன நேரத்துக்கு வந்தார். கரும்பச்சை சேலை. ஏணியருகே அந்தோணி பணிவாக, "டீச்சர், செருப்பு மட்டும்…" என்றார். அவர் ஒரு பார்வை பார்த்தார். குதிகால் உயர்ந்த செருப்பு. கழற்றிவிட்டு ஏறினார். அந்தோணி மேசைகளுக்குப் பின்னால், மடல் அசைவதைக் கவனிக்க ஓடினார். முத்தையா அண்ணன் மூக்கின் பக்கத் திறப்பில் நின்றார். நான் ஏணி மேல், இருக்கையின் பின்னால். வாரியத்துக்காரர்கள் இருவரும் கீழே தேநீர்க் கோப்பைகளோடு.

உட்கார்ந்ததும் அவர் தோளை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். பிறகு, "இவ்வளவுதானா எடம்?" என்றார்.

"ஆமா டீச்சர்."

"நாங்க சின்னதுல எஸ்டேட்ல இருந்தப்போ, இது மேல போனா மாடெல்லாம் கயித்த அறுத்துக்கிட்டு ஓடும். அம்மா எங்கள மேசைக்கு அடியில போட்டு மூடுவாங்க. அவ்வளவு சத்தம். உள்ள ஒரு மலை மாதிரி இருக்கும்னு நெனச்சிருக்கேன்." கைப்பிடியில் சாயம் தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "ஒரு ஆளு, ஒரு நாற்காலி. அவ்வளவுதான்."

முத்தையா அண்ணன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பட்டறை எங்களுக்குத்தான் என்று நானும் நினைத்தேன்.

"டீச்சர், அந்த சக்கரத்த முன்னால சுத்துங்க. வால் ஆடும்" என்றார் முத்தையா அண்ணன்.

சுற்றினார். "ஆடுது, ஆடுது!" என்று பின்னாலிருந்து அந்தோணியின் குரல். மிஸஸ் சாமுவேல் சிரித்தார். உற்சாகமாக இன்னும் ஒரு சுற்று. அப்போது 'க்ரக்' என்று ஒரு சத்தம். சேலையின் கீழ் ஓரம் பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில் நுழைந்து, மடிப்போடு உள்ளே போய்விட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று முத்தையா அண்ணன் கத்தினார்.

"நான் எப்பவோ நிறுத்திட்டேன்" என்றார் மிஸஸ் சாமுவேல். "நீங்க கத்தறத நிறுத்துங்க."

அவரால் எழ முடியவில்லை. வலது காலை அசைக்க முடியவில்லை. சக்கரத்தைப் பின்பக்கம் திருப்பச் சொன்னோம். கொஞ்சம் வந்தது, நின்றது. மறுபடி முயன்றார், மறுபடி நின்றது. செயின் பல்லைவிட்டு நழுவிச் சிக்கிக்கொண்டது என்று முத்தையா அண்ணன் முடிவு கட்டினார். நானும் தலையாட்டினேன். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. செயினைக் கழற்றும் இணைப்பு இருக்கைக்குப் பின்னால் இருந்தது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது அங்கே கை நுழையாது.

"சேலைய வெட்டிடலாம்" என்று முத்தையா அண்ணன் என் காதில் சொன்னார்.

"நீங்களே சொல்லுங்க."

"நீதான் ஏர்போர்ட்ல வேல பாக்கிற, நீ சொல்லு லா."

"என் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் மிஸஸ் சாமுவேல். "மஸ்ஜித் இந்தியா கடைத்தெருல போன மாசம்தான் எடுத்தேன். இது ரெண்டாவது தடவ கட்டறேன். கத்தரிக்கோலோட எவனாவது கிட்ட வந்தா, டிசம்பர் வரைக்கும் வேணாம், இன்னைக்கே காலி பண்ணுங்க."

கீழே வாரியத்துக்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர், "பொம்பாவக் கூப்பிடவா?" என்று கேட்டார். தீயணைப்பு வண்டி வந்து, கோடரியோடு ஆட்கள் இறங்கினால் மூக்கில் என்ன மிஞ்சும் என்று முத்தையா அண்ணனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இதுவரை கொஞ்சம் வேடிக்கை. இனி இல்லை. நடுப்பகல். மேலே தகரக் கூரை. கூரையில் வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி ஓடு நேராக மூக்கின் மேல். அவர் தலைக்கு மேல் விமானத்தின் கண்ணாடிக் கூண்டு. பறக்கும்போது குளிரும், தரையில் நின்றால் அது அடுப்பு. அவருடைய முகம் சிவந்திருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டே இருந்தது. "தண்ணி கொடுங்க" என்று அவர் கேட்ட குரலில் முந்தைய அதட்டல் இல்லை. தனக்கு இரத்த அழுத்தம் உண்டு என்று அப்போதுதான் சொன்னார்.

முத்தையா அண்ணன் இறங்கினார். லோரியிலிருந்து இரும்பு வெட்டும் பெரிய கட்டரை எடுத்து வந்தார். அந்தச் செயினுக்கு மாற்று எங்கும் கிடைக்காது. அதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை துலக்கினார் என்று எனக்குத் தெரியும். "ஆளவிட இது பெருசு இல்ல. தள்ளு" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர் செய்யவிருந்தது நல்ல மனிதர் செய்யும் காரியம். ஆனாலும் கட்டரின் வாய் செயினைக் கவ்வியபோது, எந்தக் காரணமும் இல்லாமல், சுபாங் பெஞ்சிலிருந்து யாரோ தலையைத் தூக்காமல் கேட்டது என் காதில் விழுந்தது. உக்காந்து பார்த்தியா? நானும் முத்தையா அண்ணனும் வெளியே நின்று எட்டிப் பார்த்து முடிவு கட்டியிருந்தோம். சக்கரம் யார் கையில் இருந்ததோ, அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்று அவர் கையைப் பிடித்தேன். "டீச்சர், சக்கரத்த பின்னால திருப்பினா கைக்கு எப்படித் தெரியுது?"

அவர் கண்ணைத் திறந்தார். "இப்பதான் கேக்கணும்னு தோணிச்சா?"

"சொல்லுங்க டீச்சர்."

"சிக்கிக்கிட்டா அப்படியே நிக்கணும்ல? இது நிக்கல. நான் திருப்பினா கொஞ்சம் வருது. அப்புறம் அந்தப் பக்கம் இழுக்குது. நான் விட்டா அதுவும் விடுது. நான் பலமா இழுத்தா அதுவும் பலமா இழுக்குது." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "ஸ்போர்ட்ஸ் டேல கயிறு இழுக்கிற மாதிரி. இரும்பு இப்படிச் செய்யாது. அந்தக் கோடில ஒரு ஆளு இருக்கான்."

நானும் முத்தையா அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்தோம். இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. அந்தோணி எங்கே?

ஏணியிலிருந்து குதித்து ஓடினேன். மேசைகளுக்குப் பின்னால் அந்தோணி, இரண்டு காலையும் சுவரில் முட்டுக் கொடுத்து, துணியைச் சுற்றிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தரையில் பாதி படுத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"கவலைப்படாதீங்கண்ணே! செயின் நழுவற மாதிரி கம்பி துள்ளுச்சு. உடனே பிடிச்சுட்டேன். இவ்வளவு நேரம் விடவே இல்ல!"

"விடு!"

"விட்டா செயின் போயிடும்ணே!"

"விடலன்னா ஷெட்டே போயிடும் லா! மெதுவா விடு!"

விட்டார். "டீச்சர், இப்ப திருப்புங்க" என்று கத்தினேன். கம்பி என் கண் முன்னால் மெல்ல நகர்ந்தது. மடல் இறங்கியது. மூக்கின் பக்கமிருந்து முத்தையா அண்ணனின் குரல்: "வருது! வருது! அப்படியே… வந்திருச்சு!"

பிறகுதான் யோசித்தேன். கம்பி அவ்வளவு முறுக்கில் இருந்தபோது செயினை வெட்டியிருந்தால், அறுந்த முனை சாட்டை மாதிரி அவர் காலில் விழுந்திருக்கும். நல்ல மனத்தோடு, அவசரத்தில், தப்பான முடிவின் மேல். உங்கள் வேலையிலும் விபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். சோம்பேறியால் வருவதைவிட, கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தோணியால் வருவது அதிகம்.

சேலை கிழியவில்லை. ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் செயினின் கண்ணி வரிசை கறுப்பாக அச்சடித்திருந்தது. மிஸஸ் சாமுவேல் தண்ணீர் குடித்தார். வாரியத்துக்காரர் ஒருவர் ஏணியில் ஏறி, தன் கோப்பைத் தட்டால் விசிறினார். நாங்கள் மூவரும், பிரம்படிக்கு நிற்கும் பையன்களைப் போல, ஏணிக்குக் கீழே வரிசையாக நின்றோம். இறங்கி வந்ததும் என்ன சொல்வார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

அவர் இறங்கவில்லை.

"என் செருப்பு எங்க?" என்றார் மேலிருந்தே.

அந்தோணி எடுத்துக் கொடுத்தார்.

"இது குதிகால் வச்ச செருப்பு. இதுக்கு ஏத்த உயரத்துலதான் நான் சேலை கட்டிட்டு வந்தேன். இதக் கழட்டினா சேலை தரையத் தொடும். தொட்டா கண்டதுல மாட்டும். உங்க வீட்டுல பொம்பளைங்களே கிடையாதா? செருப்பக் கழட்டச் சொன்னது யாரு?"

நான் அந்தோணியைப் பார்த்தேன். அந்தோணி முத்தையா அண்ணனைப் பார்த்தார். முத்தையா அண்ணன் கூரையைப் பார்த்தார்.

மிஸஸ் சாமுவேல் அங்கேயே, எங்கள் புனிதமான பச்சைத் தரையின் மேல், செருப்பைப் போட்டுக்கொண்டார். "செயினுக்கு மூடி இருந்திருக்கணுமே?"

முத்தையா அண்ணன் பெஞ்சுக்கு அடியிலிருந்து தகர மூடியை எடுத்து நீட்டினார்.

"மாட்டுங்க. நான் இங்கயே இருக்கேன். மாட்டினப்புறம் நானே சுத்திப் பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பேன்."

கூண்டின் மேல் பகுதியைத் திறக்கலாம் என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. திறந்து காற்று வரச் செய்து, மூடியை மாட்டினோம். அவர் சக்கரத்தை முன்னும் பின்னும் சுற்றினார். அந்தோணி இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மிஸஸ் சாமுவேல் ஒவ்வொரு முகப்பாக விரலை வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்க ஆரம்பித்தார். நான் சொல்லச் சொல்ல, வாரியத்துக்காரர்கள் விடைபெற்றுப் போனார்கள். அவர் கவனிக்கவே இல்லை.

கடைசியில் மேலே அண்ணாந்து பார்த்தார். "இந்த ஷெட்லயே இங்கதான் நல்ல வெளிச்சம். நாலா பக்கமும் வருது. நிழலே விழல."

"ஆமா டீச்சர்" என்றார் அந்தோணி, எதற்கென்று தெரியாமல்.

"டிசம்பருக்குள்ள காலி பண்ணச் சொன்னேன்ல? அத நான் மாத்திக்கல." எங்கள் முகம் விழுந்தது. "பாதி காலி பண்ணுங்க. அந்த மேசை, பெஞ்சு, உங்க குப்பை எல்லாம். மெஷினெல்லாம் அங்க வரும். அதுங்களுக்கும் சக்கரம், பெல்ட், எண்ணெய் எல்லாம் இருக்கு. நீங்க மூணு பேரும்தான் பார்த்துக்கணும். இத எப்படிப் பளபளன்னு வச்சிருக்கீங்களோ அதே மாதிரி. மூடியோட."

அப்படித்தான் ஆயிற்று. செருப்புச் சட்டம் அன்றோடு போனது. நாங்கள் தையல் மெஷின்களைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டோம். எந்த மெஷின் தொல்லை கொடுத்தாலும், திறப்பதற்கு முன் அதில் தைக்கும் பிள்ளையிடம் முத்தையா அண்ணன், "காலுக்கு எப்படித் தெரியுது தங்கச்சி?" என்று கேட்பார். அவர் சுபாங்கில் ஒரு நாளும் வேலை பார்த்தவர் அல்ல. தம்பியின் உருக்காலைப் பேச்சும் அடங்கிப்போனது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கண்ணாடிக் கூண்டின் வெளிச்சத்தைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊசியில் நூல் கோர்க்கவும், சேலை ஓரம் மடித்துத் தைக்கவும், பூவேலைக்கும் அதைவிட நல்ல இடம் பட்டறையில் இல்லை. மதிய வகுப்பு நேரத்தில் எப்போது போனாலும் விமானி இருக்கையில் யாராவது ஒருத்தி மடியில் துணியோடு குனிந்திருப்பாள்.

1983 அல்லது 84. சுங்கை வேயிலிருந்து புதிதாக ஓர் ஆர்வலர் வந்தார். லிங்கன் விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. கையில் கேமரா, அக்குளில் இரண்டு தடித்த புத்தகங்கள். ஏணிக்குக் கீழே நின்று, எந்த முகப்பு எங்கே இருக்க வேண்டும் என்று பார்க்காமலே எனக்கு ஒப்பித்தார். எல்லாம் சரி. பிறகு ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தவர் திகைத்து நின்றார். இருக்கையில் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, படிக்கும் ஒரு பிள்ளை, தலையைத் தூக்காமல் ஒரு தாவணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கொஞ்சம் எழுந்திரும்மா. அங்கிள் படம் எடுக்கணும்."

"எடுங்க அங்கிள். நான் ஆடல."

"இல்லம்மா, காக்பிட்ட மட்டும். ஆள் இல்லாம."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இதுல உக்காந்து பார்த்திருக்கீங்களா அங்கிள்?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி" என்று மறுபடி குனிந்தாள் அவள். "முடிச்சுட்டுத் தரேன். வந்து உக்காருங்க. அப்புறம் படம் எடுங்க."

அவர் ஏணியிலேயே, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காத்துக்கொண்டு நின்றார்.